முதுமலை புலிகள் காப்பகம்: முதல்முறை போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுமலைக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கட்டணம், நேரம், அனுமதி விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும் முன் காப்பகத்தின் இணையதளத்தையும் நீலகிரி மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுமலை, மசினகுடி, தெப்பக்காடு, பந்திப்பூர்னு சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணா?

எல்லாம் ஒரே காட்டின் பகுதிகள், ஆனால் ஒரே இடம் இல்லை. முதுமலை 1940இல் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அதன் உள்வட்டம் 321 சதுர கிலோமீட்டர். வெளிவட்டத்தையும் சேர்த்தால் 688 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். தெப்பக்காடு காப்பகத்தின் நடுவே மாயாற்றங்கரையில் இருக்கிறது. வரவேற்பு மையம், சஃபாரி, யானைகள் முகாம் மூன்றும் அங்கேதான். அங்கிருந்து கிழக்கே சுமார் 7 கிலோமீட்டரில் உள்ள ஊர் மசினகுடி. தனியார் விடுதிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் இருக்கின்றன.

வடக்கே மாநில எல்லையைத் தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூர், மேற்கே கேரளத்தின் வயநாடு. கோடு நமக்குத்தான், யானைக்கு இல்லை. காலையில் முதுமலையில் மேய்ந்த கூட்டம் மாலையில் பந்திப்பூரில் தண்ணீர் குடிக்கும். ஆனால் டிக்கெட்டும் சஃபாரியும் விதிகளும் மூன்று மாநிலத்துக்கும் தனித்தனி. பந்திப்பூரில் எடுத்த டிக்கெட் இங்கே செல்லாது.

எந்த வழியா வர்றது? கல்லட்டி ரோடுதான் கிட்டன்னு மேப் காட்டுதே?

ஊட்டியிலிருந்து இரண்டு வழி. கூடலூர் சுற்றி வந்தால் தெப்பக்காட்டுக்கு ஏறக்குறைய 67 கிலோமீட்டர். தலைக்குந்தாவில் பிரிந்து கல்லட்டி வழியாக இறங்கினால் தூரம் பாதிதான், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்தான இறக்கம். பழக்கமில்லாதவர்கள் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவார்கள். பாதி வழியில் பிரேக் சூடேறிப் பிடிமானம் போய்விடும். உயிர்ச்சேதம் நடந்த பிறகுதான் வெளி மாவட்டப் பதிவெண் வண்டிகள் அந்த வழியே இறங்கத் தடை வந்தது. மேப் இதையெல்லாம் பார்க்காமல் நேர்வழியைக் காட்டும். வெளியூர் வண்டி என்றால் கூடலூர் வழியைக் கணக்கில் வைத்தே நேரத்தைத் திட்டமிடுங்கள்.

நீலகிரிக்குள் நுழையும் வெளியூர்த் தனியார் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மைசூர் பக்கமிருந்து வந்தாலும் மாவட்ட எல்லையில் கேட்பார்கள். கோடைக் காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு வைப்பதுண்டு, கடைசி நேரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. ஊட்டி–மைசூர், கூடலூர்–மைசூர் பேருந்துகள் தெப்பக்காடு வழியாகத்தான் போகின்றன.

இன்னொன்று: காட்டுக்குள் போகும் மைசூர் நெடுஞ்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டிருக்கும். எட்டே முக்காலுக்கு வந்து செக்போஸ்டில் கெஞ்சும் நிலைமையை வைத்துக்கொள்ளாதீர்கள். இருட்டும் முன் தங்குமிடம் போய்ச் சேர்வதுதான் சரி.

எந்த மாசம் வந்தா நல்லது?

என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இலை உதிர்ந்து புதர் மெலிந்து பார்வை தூரம் போகும். உள்ளே குட்டைகள் வற்ற, விலங்குகள் மாயாற்றையும் மிச்சமிருக்கும் தண்ணீரையும் தேடி வரும். பார்க்க எளிதான காலம் இது. ஆனால் காட்டுத்தீ காலமும் இதுவே. தீ அபாயம் கூடினால் பிப்ரவரி–ஏப்ரலில் சஃபாரியை முன்னறிவிப்பின்றி நிறுத்துவார்கள்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் புல் தளிர்க்கும். யானைக் கூட்டங்களைக் குட்டிகளோடு புல்வெளியில் பார்க்க மழை மாதங்கள் அருமை. காப்பகத்தின் மேற்கே ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் மழை, கிழக்கே மசினகுடி தாண்டிப் போகப்போக 600 அளவுக்குக் குறைந்துவிடும். அதனால் மேற்கில் மூங்கிலும் உயர்ந்த மரங்களும் கொண்ட ஈர இலையுதிர்காடு, நடுவில் தேக்கும் கருமருதும் வெக்காலியும் நிற்கும் வறண்ட இலையுதிர்காடு, கிழக்கில் முட்புதர்க்காடு. ஒரு மணி நேரப் பயணத்தில் இத்தனை வகைக் காடு மாறுவதைப் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு. தெப்பக்காட்டோடு திரும்பாமல் மசினகுடி வரையாவது போய்வாருங்கள்.

சஃபாரிக்கு எங்க டிக்கெட் வாங்கணும்? எங்க கார்லயே உள்ள போகலாமா?

வனத்துறை வண்டியில் மட்டுமே போகலாம். பல பேர் சேர்ந்து போகும் வேனும் உண்டு, குடும்பமாகப் போகச் சிறிய ஜீப்பும் உண்டு. பதிவு காப்பகத்தின் இணையதளத்திலும் தெப்பக்காடு வரவேற்பு மையத்திலும் நடக்கும். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை நாட்களில் நேரில் வந்து வாங்கலாம் என்று நம்பி வராதீர்கள். சுற்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். வனத்துறையின் ஓய்வு விடுதிகளுக்கும் முன்பதிவு அதே இணையதளத்தில்தான். சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சொந்தக் காரில் பொது நெடுஞ்சாலையில் போகலாம், அவ்வளவே. அங்கேயும் வண்டியை நிறுத்தி இறங்குவது, படம் எடுப்பது, உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் தடை, அபராதம் உண்டு. காட்டுப் பாதையில் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நடந்து நுழைந்தாலும் அப்படித்தான். டிரோன் கொண்டுவரவே வேண்டாம்.

காலை சஃபாரியா, சாயங்கால சஃபாரியா?

ஒன்றுதான் முடியும் என்றால் காலையின் முதல் வண்டி. இரவில் நடமாடிய விலங்குகள் இன்னும் ஒதுங்கியிருக்காது, பாதைத் தூசியில் தடங்கள் கலையாமல் இருக்கும், பறவைகள் சத்தமாக இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறினால் பெரிய விலங்குகள் நிழலுக்குள் போய்விடும். மாலையில் கடைசி வண்டி நல்லது, பிற்பகலின் முதல் வண்டிதான் இருப்பதிலேயே சுமார். கோடையில் தண்ணீர் ஓரமாகப் போகும் மாலைச் சுற்று, காலைக்கு இணையாகவே அமையும்.

இரண்டு சுற்று போக வாய்ப்பு இருந்தால் ஒரு மாலையும் மறுநாள் காலையும் எடுங்கள். மாலையில் எங்கே என்ன இருந்தது என்று மனதில் வைத்துக்கொண்டால் காலையில் கண் தானாக அங்கே போகும்.

கண்டிப்பா புலி தெரியுமா?

தெரியாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம். முதுமலையில் புலிகள் நல்ல எண்ணிக்கையில் இருக்கின்றன, ஆனால் புதர் அடர்ந்த காடு. பத்து அடி தள்ளி உண்ணிச்செடிக்குள் படுத்திருந்தாலும் வேனிலிருந்து தெரியாது. வடஇந்தியச் சமவெளிப் பூங்காக்களின் திறந்த புல்வெளியில் எடுத்த காணொளிகளைப் பார்த்துவிட்டு அதே எதிர்பார்ப்போடு இங்கே வந்தால் ஏமாற்றம்தான். "புலி கேரண்டி" என்று யாராவது பணம் கேட்டால் அவரிடம் மேலே பேசாதீர்கள்.

புலிக்காக மட்டும் உட்கார்ந்திருக்கும் வேனில் நடப்பது ஒன்று உண்டு. மான் வந்தால் "வெறும் மான்தானே" என்று பேச்சு தொடங்கிவிடும். அந்த மான் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. புலியைக் காட்டிக்கொடுப்பதே அந்த மான்தான். அது எப்படி என்பதைக் கீழே மான் கத்துவது பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்லியிருக்கிறோம்.

புலி இல்லன்னா அப்புறம் என்னதான் இருக்கு?

புள்ளிமான், காட்டெருமை, யானை, சாம்பல் மந்தி, மயில், காட்டுப்பன்றி ஆகியவை எளிதில் பார்க்கக் கூடியவை. கடமானைப் பார்க்கக் கொஞ்சம் அதிர்ஷ்டம் வேண்டும். செந்நாய்க் கூட்டம் தெரிந்தால் அது பெரிய கொடுப்பினை. நாட்டில் பல காடுகளில் அற்றுப்போன விலங்கு அது, பகலில் வேட்டையாடும், சில நேரம் பாதையிலேயே படுத்திருக்கும். மூங்கில் பக்கம் மலை அணிலைத் தேடுங்கள், உச்சியில் இலைக் குவியல் போலக் கூடு இருக்கும். கரடி அந்தி நேரத்து ஆள். கரையான் புற்றைத் தோண்டிய குழிகள் தெரிந்தால் அது உலவும் இடம் என்று புரிந்துகொள்ளலாம்.

கிழக்கே முட்காட்டுப் பக்கம் கதையே வேறு. வெளிமான், கழுதைப்புலி, பாறு கழுகு எல்லாம் அந்த வறண்ட சமவெளிக்கு உரியவை.

மான் கத்தினா புலி வருதுன்னு அர்த்தமா?

எந்த மான் என்று முதலில் கேளுங்கள். புள்ளிமான் "க்யாவ்" என்று கீச்சுக்குரலில் கத்தும். அது கூட்டமாக வாழும் விலங்கு, சின்னச் சலசலப்புக்கும் ஒன்று குரல் கொடுக்கும். ஒரு தடவை கத்திவிட்டு மேயத் தொடங்கினால் ஒன்றுமில்லை. கடமானின் குரல் கனமானது, "டாங்க்" என்று தொண்டையிலிருந்து வரும். அது லேசில் கத்தாது. ஒரே இடத்தில் நின்று, வாலைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டிக்கொண்டு விட்டுவிட்டுக் கத்தினால் அருகில் புலியோ சிறுத்தையோ செந்நாயோ இருக்க வாய்ப்பு மிக அதிகம். கேழையாடு என்னும் சிறிய மான் நாய் குரைப்பது போலக் கத்தும், நிமிடக்கணக்கில்கூட நீளும்.

மந்தி மரத்தின் மேலிருந்து பார்ப்பதால் அதன் எச்சரிக்கை நம்பகமானது. கத்தும் மந்தி எந்தப் பக்கம் குனிந்து பார்க்கிறதோ அதே பக்கம் பாருங்கள். மந்தியும் மானும் ஒரே நேரத்தில் கத்தி, குரல் ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நகர்ந்துகொண்டே போனால், கீழே வேட்டை விலங்கு நடந்துகொண்டிருக்கிறது. குரல் நகரும் திசைதான் அதன் வழி.

இதெல்லாம் கேட்க வேண்டுமானால் வேன் நின்றதும் பேச்சும் நிற்க வேண்டும். ஓட்டுநர் என்ஜினை அணைத்த பிறகு ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருந்து பாருங்கள்.

பாதையில ஒரு தடம் பார்த்தோம். புலியா, சிறுத்தையா, நாயா?

நகக்குறி இருந்தால் நாய், செந்நாய் அல்லது கழுதைப்புலி. பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும், தடத்தில் நகம் பதியாது. நகம் இல்லை, நான்கு விரல், பின்னால் ஒரு பெரிய அடித்திண்டு என்றால் பூனை வகை. அகலம் ஏழெட்டு சென்டிமீட்டர் என்றால் சிறுத்தை, பன்னிரண்டுக்கு மேல் போனால் புலி. இடையில் இருப்பது இளம் புலியாகவும் இருக்கலாம், அதற்கு மேல் அடித்துச் சொல்லாதீர்கள். சேற்றில் தடம் விரிந்து பெரிதாகத் தெரியும். நைசான தூசியில் பதிந்ததுதான் உண்மை அளவு.

யானைத் தடத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு. முன்காலின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வரும். ஓரங்கள் கூர்மையாக, உள்ளே வெடிப்புக் கோடுகள் தெளிவாக இருந்தால் புதிய தடம். சருகு விழுந்து, எறும்பு குறுக்கே வழி போட்டிருந்தால் பழையது. இதைப் பார்க்க வண்டியிலிருந்து இறங்க வேண்டாம், முகாமுக்குப் போகும் மண்பாதையிலேயே வேண்டிய மட்டும் யானைத் தடம் கிடைக்கும்.

தந்தம் இல்லாததெல்லாம் பெண் யானைதானே?

இல்லை. ஆசிய யானையில் வெளியே நீண்ட தந்தம் இருந்தால் அது ஆண் என்பது சரி. ஆனால் தந்தமே வளராத ஆணும் உண்டு, மக்னா என்பார்கள். தந்தம் இல்லை, சாதுவான பெண் என்று நினைத்து மக்னாவின் அருகே போவது பலர் செய்யும் தவறு.

தலையைப் பாருங்கள். ஆணுக்கு நெற்றியும் துதிக்கை தொடங்கும் இடமும் புடைத்துத் தடித்திருக்கும். பெண்ணுக்கு அந்த இடம் ஒடுங்கியிருக்கும். குட்டியோடு, மற்ற யானைகளோடு சேர்ந்திருந்தால் பெரும்பாலும் பெண். தனியே நிற்கும் வளர்ந்த தந்தமில்லா யானையை மக்னா என்றே எடுத்துக்கொண்டு விலகிப் போங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கன்னத்தில் ஈரமாக, எண்ணெய் வழிந்தது போலக் கறுத்த கோடு தெரிந்தால் மதம் பிடித்த காலம். அப்போது எந்த ஆண் யானையின் குணத்தையும் நம்ப முடியாது.

ரோட்டுல யானை நின்னா என்ன பண்றது?

தூரத்திலேயே நிறுத்துங்கள். ஐம்பது மீட்டராவது இருக்கட்டும், குட்டி இருந்தால் அதைவிடவும். ஹாரன் வேண்டாம், ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட வேண்டாம், யாரும் கீழே இறங்க வேண்டாம். என்ஜின் ஓடட்டும், பின்னால் வழி இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு லாரி தைரியமாகக் கடந்து போனால் நீங்களும் பின்தொடராதீர்கள். முதல் வண்டியில் எரிச்சலான யானை இரண்டாவது வண்டி மேல்தான் அதைத் தீர்க்கும். கூட்டம் சாலையைக் கடந்தால் நடுவில் இடைவெளி விழும், "போயிருச்சு" என்று கிளம்பாதீர்கள். பின்னால் வரும் யானை புதருக்குள் காத்திருக்கலாம்.

மேய்வதை நிறுத்தி, காதை விரித்து, துதிக்கையைத் தூக்கி உங்கள் பக்கம் மோப்பம் பிடித்தால் அதுதான் முதல் எச்சரிக்கை. அப்போதே மெதுவாகப் பின்வாங்குங்கள். காதை விரித்து, பிளிறி, புழுதி கிளப்பிக்கொண்டு சில அடி ஓடிவந்து நிற்பது பெரும்பாலும் மிரட்டல். சத்தமே இல்லாமல், காதை ஒட்டவைத்து, துதிக்கையை உள்ளே சுருட்டிக்கொண்டு வந்தால் மிரட்டல் இல்லை, நிஜம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றே: பின்னால் போவது. எது என்று ஆராய்ந்து படம் எடுக்க அது நேரமில்லை.

தெப்பக்காடு முகாம்ல என்ன பார்க்கலாம்? யானைக்கு சங்கிலி போட்டிருக்காங்களே, பாவமில்லையா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டில் வெட்டிய மரத்தை இழுப்பதற்காக உண்டான முகாம் இது. இன்று அந்த வேலை இல்லை. ஊருக்குள் வரும் காட்டு யானையை விரட்டவும் பிடிக்கவும் பழக்கிய கும்கிகள், தாயை இழந்த குட்டிகள், மனிதரைக் கொன்றதால் பிடிபட்ட யானைகள் என எல்லாம் இங்கே உண்டு. பார்க்க வேண்டியது உணவு கொடுக்கும் நேரம். காலை எட்டரையை ஒட்டியும் மாலை ஐந்தரையை ஒட்டியும் இருக்கும், அன்றைக்கு எப்போது என்று வரவேற்பு மையத்தில் கேளுங்கள்.

உணவுக் கூடத்தில் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்துக் கட்டியாக வெட்டி வைத்திருப்பார்கள். சோறு, வெல்லம், உப்பு, தாது உப்புக் கலவை சேர்த்துப் பிசைந்து, இரண்டு கையிலும் அடங்கும் கவளமாக உருட்டுவார்கள். ஒவ்வொரு யானைக்கும் அளவு வேறு. யானை துதிக்கையை நெற்றி மேல் மடக்கிக்கொண்டு வாயைத் திறக்க, பாகன் கவளத்தை உள்ளே நாக்கின் மேலேயே வைப்பார். மருந்து கொடுக்க வேண்டிய நாளில் அது கவளத்தின் நடுவே போய்விடும். பாகன்களும் உதவியாளர்களான காவடிகளும் பெரும்பாலும் பழங்குடியினர், தலைமுறையாக இந்த வேலையில் இருப்பவர்கள்.

சங்கிலிக்கு வருவோம். ஆளைக் கொல்லும் பலமுள்ள விலங்கு, நூற்றுக்கணக்கானோர் வந்துபோகும் இடம். பார்வையாளர் நேரத்தில் சங்கிலி இல்லாமல் முடியாது. மற்ற நேரத்தில் இவற்றை மேய்ச்சலுக்குக் காட்டுக்குள் விடுகிறார்கள். யானைக்குச் சங்கிலியில் வலியே இல்லை என்று சொல்வது பொய்யாகும். ஆனால் இந்த முகாம் இல்லாவிட்டால் இவற்றில் பல உயிரோடு இருந்திருக்காது என்பதும் உண்மை. நீங்கள் செய்யக்கூடியது: கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகாமல், தொட முயலாமல், பாகனின் பேச்சைக் கேட்டு நிற்பது.

காக்கி டிரெஸ் போட்டாத்தான் விடுவாங்களா?

அப்படி விதி இல்லை. மான் வகைகளுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. புலியின் செம்மஞ்சளே அவற்றுக்குப் பச்சைக் கலவையாகத்தான் தெரிகிறது, அதனால்தான் அந்த நிறத்தோடு புலியால் பதுங்க முடிகிறது. நீலம் நன்றாகத் தெரியும், பளீர் வெள்ளை எல்லா விலங்குக்கும் உறுத்தும். அந்த இரண்டையும் தவிர்த்தால் போதும். நிறத்தைவிட அசைவும் சத்தமும்தான் விலங்கை விரட்டுகின்றன. மொடமொடவென்று சத்தமிடும் நைலான் ஜாக்கெட், கிலுங்கும் வளையல், கடுமையான சென்ட் வேண்டாம். டிசம்பர்–ஜனவரிக் காலை வண்டியில் குளிர் காதை அறுக்கும், குல்லாய் எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் புழுதிக்கு ஒரு துண்டு.

பைனாகுலர், கேமரா எது எடுத்துட்டு வரணும்?

இரண்டில் ஒன்று என்றால் பைனாகுலர். 8×42 அல்லது 8×32 போதும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, அடுத்த எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் அதே அளவு பெருகும், வேனில் ஒன்றும் நிற்காது. விடியலில் மங்கிய ஒளி என்பதால் 42 விட்டம் உதவும். குடும்பத்துக்கே ஒன்று என்றால் விலங்கு வந்த நேரத்தில் சண்டைதான் வரும், முடிந்தால் இரண்டு கொண்டுவாருங்கள்.

கேமரா என்றால் 300 மில்லிமீட்டராவது இருக்கட்டும். காலையில் ஷட்டர் வேகத்தை 1/500க்குக் கீழே இறக்காமல், ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று துணிந்து ஏற்றுங்கள். புள்ளி விழுந்த படம் பரவாயில்லை, ஆடிப்போன படத்தைச் சரிசெய்ய முடியாது. என்ஜின் ஓடும்போது லென்ஸை ஜன்னல் கம்பியில் நேராக வைத்தால் அதிர்வு முழுவதும் படத்தில் இறங்கும், நடுவில் துண்டை மடித்து வையுங்கள். பிளாஷ் கூடவே கூடாது. செல்போனை எடுப்பதற்கு முன் அன்றைய விதி என்ன என்று காவலரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்டை கடிக்குமா? உண்ணி பத்தியும் சொல்றாங்களே?

அட்டை மழைக்காலப் பிரச்சினை, அதுவும் மேற்குப் பக்க ஈரக்காட்டில். வேனிலேயே இருப்பவர்களுக்குக் கவலை இல்லை. ஒட்டிக்கொண்டால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் அதன் வாய்ப்பக்கத்தைத் தோலோடு சேர்த்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள், விட்டுவிடும். சிறிது நேரம் ரத்தம் நிற்காமல் கசியும். உறைவதைத் தடுக்கும் பொருளை அட்டை செலுத்துவதால் அப்படி. சோப்பால் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும்.

உண்ணிதான் கவனம் வேண்டியது. வறண்ட மாதங்களில் புல்லில் இருக்கும், கடித்ததே தெரியாது. முழுக்கால்சட்டை, காலுறைக்குள் செருகிய ஓரம், அறைக்குத் திரும்பியதும் அக்குள், தொடை இடுக்கு, முழங்காலின் பின்பக்கம் சோதனை. இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எல்லாம் வேண்டாம். அடுத்த ஓரிரு வாரத்தில் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் "காட்டுக்குப் போனேன், உண்ணி கடித்தது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்ணியால் பரவும் காய்ச்சல்களை மருத்துவர் சந்தேகிக்க அந்த ஒரு வரி போதும்.

குரங்குக்கு ஒரு பிஸ்கட் போட்டா என்ன ஆகிடும்?

அந்தக் குரங்கு நாளையும் அதே வளைவில் உட்காரும், அடுத்த வண்டியில் அடிபடும். பிஸ்கட் உறை புல்லில் விழும், உப்பு மணத்துக்காக மான் அதைத் தின்னும். யானைச் சாணத்திலேயே பிளாஸ்டிக் உறைகள் கிடக்கின்றன. ஒருமுறை பழக்கிய விலங்கைப் பழக்கத்திலிருந்து மீட்க வனத்துறையால்கூட முடிவதில்லை. நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை, செக்போஸ்டில் சோதிப்பார்கள். எவர்சில்வர் பாட்டிலும் டப்பாவும் எடுத்து வாருங்கள்.

கழுகு பார்க்க இங்க ஏன் வர்றாங்க? ஊர்லயே இருக்கே?

ஊரில் வட்டமிடுவது பெரும்பாலும் பருந்து. இங்கே பார்க்க வருவது இறந்த விலங்கை மட்டும் தின்னும் பாறு. வெண்முதுகுப் பாறு 1990களுக்குப் பிறகு இந்தியாவில் 99 விழுக்காட்டுக்கு மேல் அழிந்துவிட்டது. காரணம், மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக். ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து விழுந்தன. 2006இல் அந்தக் கால்நடை மருந்து தடைசெய்யப்பட்டது. அதே கேடு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் 2023இல் தடை வந்தது.

தென்னிந்தியாவில் அவை இன்னும் கூடு கட்டும் முக்கியமான இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றோரத்து உயர்ந்த நீர்மருது மரங்களில் கூடு இருக்கும். கூட்டின் அருகே போக யாருக்கும் அனுமதி இல்லை, போகவும் கூடாது. மசினகுடிப் பக்கம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வானத்தைப் பாருங்கள். வெயிலில் சூடேறிய காற்று எழும்போதுதான் கனத்த பாறுகள் இறக்கை அசைக்காமல் மேலே ஏறும். சஃபாரிக்கு ஆகாத அந்த நேரம் இதற்குத் தோது.

காடு முழுக்கப் பச்சையா, பூப்பூவா இருக்கே, செழிப்பாத்தானே இருக்கு?

அந்தப் பச்சையில் பெரும்பகுதி உண்ணிச்செடி. கொத்துக் கொத்தாகப் பல நிறத்தில் பூக்கும், முள்ளுள்ள புதர். அழகுக்காகப் பிரிட்டிஷ் காலத்தில் வந்த அமெரிக்கச் செடி. மான் தின்னாது, யானையும் ஒதுக்கும், அதன் அடியில் புல் முளைக்காது. புல் போனால் மேய்கிற விலங்கு இடம்பெயர்ந்து வயலுக்குப் போகும். காய்ந்தால் தீ அதன் மேலேறி மர உச்சிவரை போகும். பாதையோரத்தில் பளிச்சென்ற மஞ்சள் பூவோடு நிற்கும் உயரமான மரம், மஞ்சக்கொன்னை எனப்படும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ், இன்னொரு அந்நியன். வெட்டினால் அடியிலிருந்து பத்துக் கிளை துளிர்க்கும், அதனால் பட்டை உரித்தும் வேரோடு பிடுங்கியும் அகற்ற வேண்டியிருக்கிறது. வெட்டிய மரத்தைத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் காகிதக் கூழுக்கு எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

சஃபாரியில் ஓரிடத்தில் புதர் அகற்றிப் புல் முளைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். மான் கூட்டம் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.

ரிசார்ட்ல நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறோம்னு சொல்றாங்க. போகலாமா?

போகக்கூடாது. வனத்துறை இரவு சஃபாரி நடத்துவதில்லை. தனியார் ஜீப்பில் டார்ச் அடித்துக்கொண்டு போவது சட்டவிரோதம், பிடிபட்டால் பயணிகளும் சிக்குவார்கள். அதைவிடப் பெரிய விஷயம், இரவில் சாலையைக் கடக்கும் யானையின் கண்ணில் விளக்கடித்தால் அது போகும் வழியை மாற்றிக்கொள்ளும். அந்த மாறிய வழியில்தான் யாரோ ஒருவரின் வீடு இருக்கிறது.

விடுதியைத் தேர்ந்தெடுக்கும்போது உரிமம் உள்ளதா என்று கேளுங்கள். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் சமவெளி, கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நடுவே யானைகள் போய்வரும் வழித்தடம். 2018இல் அங்கிருந்த பல விடுதிகளுக்குச் சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு யானை மேல் எரியும் பொருளை வீசி, தீக்காயத்தோடு அது செத்தது. வாசலில் யானை வந்தால் பட்டாசு போடுகிற, மின்வேலி போட்டுத் தடுக்கிற, இரவில் பாட்டு வைக்கிற இடத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சின்னக் குழந்தை, வயசானவங்க கூட வரலாமா?

வரலாம். கரடுமுரடான பாதை, வேன் குலுங்கும். முதுகுவலி உள்ளவர்கள் பின்சீட்டைத் தவிர்த்து முன்பக்கம் கேட்டு வாங்குங்கள். கிளம்பினால் நடுவில் இறங்க வழியில்லை, கழிப்பறையை வரவேற்பு மையத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை அழுதால் வேனில் உள்ள எல்லாருக்கும் சிரமம், அப்படிப்பட்டவர்கள் சஃபாரியை விட்டு முகாமுக்கு மட்டும் போவது நல்லது. பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், பார்ப்பதை விரலால் காட்ட வேண்டும், கத்தக்கூடாது.

வந்து பார்த்தா சஃபாரி மூடியிருக்கு. இவ்வளவு தூரம் வந்தது வீணா?

தீ, மழை, யானை நடமாட்டம் எனப் பல காரணத்தால் இப்படி ஆகும். முகாம் திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், பெரும்பாலும் இரண்டையும் தனித்தனியாகத்தான் முடிவு செய்வார்கள். அடுத்து, தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்கு அரசுப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்வாருங்கள். காரைவிட இருக்கை உயரம், உண்ணிச்செடிக்கு மேலே பார்வை போகும். காலை ஏழுக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலும் அந்தச் சாலையில் யானையும் காட்டெருமையும் மானும் சாதாரணம்.

மசினகுடியில் பத்து மணி வாக்கில் பாறுக்காக வானத்தைப் பார்க்கலாம். தங்குமிடத்தின் வாசலில், விளக்கை அணைத்துவிட்டு, அந்தி மயங்கும் நேரத்தில் அரைமணி உட்கார்ந்தால் கடமானின் குரல் கேட்கும் வாய்ப்பு உண்டு. மறுநாள் திறக்குமா என்று மாலையிலேயே வரவேற்பு மையத்தில் விசாரித்து, திறந்தால் முதல் வண்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.